எண்பதாயிரம் என்று சொன்ன லென்ஸ்

கேள்வி: அக்கா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர். வயது 36. கலியாணம் கட்டி ஏழு வருடம், ஐந்து வயதில் ஒரு மகள். மனைவி முன்பள்ளி ஆசிரியை. குடி, சிகரெட் ஒன்றும் இல்லை, பறவைப் படம் எடுப்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம். கெனன் 80டி கமரா வைத்திருக்கிறேன். போன ஆவணியில் தூரத்துப் பறவையைக் கிட்ட இழுக்கிற சிக்மா 150-600 லென்ஸ் ஒன்றைப் பழையதாக 280,000 ரூபாவுக்கு வாங்கினேன். கடன் சங்கத்தில் எடுத்த காசு. மாதம் 13,500 படி 24 மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். வீட்டில் எண்பதாயிரம் என்றும், அது சேர்த்து வைத்த காசு என்றும் சொன்னேன். போன மாதம் சம்பளச் சிட்டையை மனைவி பார்த்துவிட்டா. சண்டை பிடிக்கவில்லை. "அடுப்படிக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிற நான்தான் விசரி" என்று மட்டும் சொன்னா. நாங்கள் இருப்பது மாமியின் வீட்டுத்திட்ட வீடு, பின்பக்கம் இன்னும் தகரம்தான். இப்போது 80டியின் போகஸ் பறக்கிற பறவைக்குக் காணாது என்று தெரிகிறது, கெனனின் புதிய கமரா ஆர்7 எடுத்தால் சரிவரும். கனடாவில் இருக்கும் மச்சான், மனைவியின் அண்ணா, வரும்போது கொண்டு வாறேன், காசை ஆறுதலாகத் தா என்கிறார். சனி ஞாயிறில் கலியாண வீடுகள் எடுத்தால் எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. லென்ஸை விற்கவா, ஆர்7 வாங்கவா? இந்தக் கலையின் பெறுமதியை அவவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மூன்று படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, நான் படங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தை வாசித்தேன், ஸ்டூடியோ வைத்திருக்கிற ஆள், தொழில் பழக்கம். வட்டுவாகல் பாலத்தடியில் எடுத்த நாரைப் படம் நல்ல படம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது, செட்டை விரிந்த கணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், பின்னால் தண்ணீர் குழம்பாமல் இருக்கிறது. சுண்டிக்குளத்துப் பூநாரைகள் இரண்டும் மங்கல். அதற்கு உங்கள் கமரா காரணம் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்குக் கண் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது.

280,000இல் எண்பதாயிரத்தைச் சொல்லி, இரண்டு லட்சத்தை மறைத்திருக்கிறீர்கள். எந்தப் பாடம் படிப்பிக்கிறீர்கள் என்று எழுதவில்லை, கணக்கு இல்லை என்று நம்புகிறேன். எங்கள் ஸ்டூடியோவில் ட்ரைபொட், பிளாஷ், மெமரி கார்ட் மாதிரிச் சில்லறைச் சாமான்களும் விற்கிறோம், அதனால் இந்த மறைப்பு எனக்குப் பழக்கம்தான். பில்லைக் குறைத்து எழுதித் தரச் சொல்லுவார்கள், பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், "மனிசி போன் எடுத்தால் இரவல் என்று சொல்லுங்கோ அக்கா" என்பார்கள். கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் நான் ஒருபோதும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்த மனிசி அடுத்த மாதம் பிள்ளையின் பாஸ்போட் படத்துக்கு என் கடைக்குத்தான் வரப்போகிறா, அவவின் முகத்தைப் பார்க்க வேண்டியது நான்.

சரி, உங்கள் கடனைப் பார்ப்போம். 13,500ஐ 24ஆல் பெருக்கினால் 324,000. லென்ஸின் உண்மையான விலை அதுதான், வட்டி மட்டும் 44,000. வீட்டில் சொன்ன எண்பதாயிரத்துக்கும் இதற்கும் நாலு மடங்கு. மாமியின் வீடு போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்து வீடாக இருந்தால், அப்போது ஒரு வீட்டுக்குக் கொடுத்த தொகை ஐந்தரை லட்சம். அன்றைய ரூபாவும் இன்றைய ரூபாவும் ஒன்றில்லைதான், 2022இல் சில கிழமைகளுக்குள்ளேயே டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை எல்லோரும் அனுபவித்தோம். ஆனாலும் அந்த ஐந்தரை லட்சத்துக்குள் சுவர் எழுப்பி, கூரை போட்டு, மிச்சத்துக்குக் கையில் கழுத்தில் கிடந்ததை அடைவு வைத்து முடித்த குடும்பத்துக்குள்தான் நீங்கள் மருமகனாகப் போயிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டில் மூன்று லட்சம் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தானே எண்பது என்று சொன்னீர்கள்?

உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வசனத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். கமரா வேண்டாம் என்று சொல்லவில்லை, பறவை எதற்கு என்று கேட்கவில்லை, லென்ஸை வில் என்றும் சொல்லவில்லை. முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பது ஒரு சிறு கொடுப்பனவு, அதைச் சம்பளம் என்று சொல்லவே வாய் வராது, அதிலிருந்து சீட்டுக் கட்டுகிறா. அவ சிறுகச் சிறுகச் சேர்க்கிற பக்கத்திலேயே இன்னொரு ஆள் அவவுக்குத் தெரியாமல் மாதம் 13,500 எடுத்துக்கொண்டிருந்தால், தான் சேர்ப்பதற்கே அர்த்தம் இல்லை என்று தோன்றுமா தோன்றாதா? கலையின் பெறுமதியை விளங்கப்படுத்தப் போகிறேன் என்று நீங்கள் கிளம்புவது அதனால் வீண். அவவுக்கு அது விளங்கும், விளங்காமல் இருக்கிறது உங்கள் வீட்டுக் கணக்குத்தான்.

ஆகவே முதல் வேலை, இந்தக் கிழமைக்குள், பிள்ளை நித்திரை ஆன பிறகு, ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி அவவின் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் என்றால் லென்ஸ் மட்டும் இல்லை. 80டிக்குப் பிறகு வாங்கிய மெமரி கார்ட், பை, ட்ரைபொட், பில்டர், ஹார்ட் டிஸ்க், சுண்டிக்குளத்துக்குப் போய்வருகிற பெற்றோல், அவவுக்கு இன்னும் தெரியாத வேறு எதுவும் இருந்தால் அதுவும். ஒன்று ஒன்றாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். முதலாவதை மன்னிக்கிற ஆள் மூன்றாவதை மன்னிப்பது கஷ்டம், அதுவும் முதலாவதுக்கு மன்னிப்புக் கேட்கும்போதே மூன்றாவது பைக்குள் இருந்தது என்று தெரிந்தால். அப்புறம், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். "குடி இல்லை, சிகரெட் இல்லை" என்று எனக்கு எழுதினீர்கள் பாருங்கள், அதைத் தயவுசெய்து அங்கே சொல்ல வேண்டாம். குடிக்காத புருஷனுக்கு மாதாமாதம் பரிசு கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

லென்ஸை விற்பதா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம், இப்போது விற்காதீர்கள், ஆனால் விற்கத் தயார் என்பதை மனதாரச் சொல்லி, முடிவை அவவிடமும் விடுங்கள். ஏன் என்றால், விற்றாலும் சங்கத்துக் கடன் அடுத்த மாதமே நின்றுவிடாது, அவசரத்துக்கு விற்கிறவனின் சாமானுக்கு வாங்குகிறவன் வைப்பதுதான் விலை, அந்த நட்டமும் உங்கள் வீட்டுக் காசுதான். பழையதாக வாங்கிய லென்ஸில் ஒரு நல்ல விஷயம், புதுசு வாங்கினவனுக்கு விழுகிற முதல் அடி உங்களுக்கு விழாது. கண்ணாடி சுத்தமாக இருந்தால் ஆறு மாதம் கழித்தும் கிட்டத்தட்ட அதே விலை போகும். 2024 தையிலிருந்து வற் வரி 18 வீதமாகக் கூடியதால் புதுசின் விலை கேட்டுப் பயந்து பழையதைத் தேடுகிறவர்கள் நிறைய. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிசு. கோபத்தில், பிராயச்சித்தம் மாதிரி விற்றீர்கள் என்றால், "உனக்காகத்தான் விற்றேன்" என்ற கதை பத்து வருடத்துக்கு உங்கள் வீட்டில் ஓடும். லென்ஸ் போன பிறகும் லென்ஸ் சண்டை இருக்கும். நிதானமாக இருவரும் சேர்ந்து விற்க முடிவெடுத்தால் அது வேறு, அப்போது தாராளமாக விற்கலாம்.

அதுவரைக்கும் அதைப் பழுதாகாமல் வைத்திருங்கள். மாரி பிறந்தால் எங்கள் பக்கத்தில் உடுப்பு அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும், லென்ஸ் எந்த மூலைக்கு? காற்றின் ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேலேயே நாள்கணக்கில் நின்றால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் வலை பின்னத் தொடங்கிவிடும். பிடித்துவிட்டால் கழற்றிக் கழுவுகிற செலவும் பெரிசு, விற்கிற விலையும் விழும். தோல் பையிலும் துணிப் பையிலும் வைத்து அலுமாரிக்குள் பூட்டுவதைப் போலக் கெடுதல் வேறு இல்லை. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ரப்பர் விளிம்பு வைத்தது, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, அவ்வளவுதான். முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், சமைக்கிற சட்டியில் வேண்டாம், தகர அடுப்படியாக இருந்தாலும் அது அவவின் அடுப்படி.

இனி ஆர்7. நல்ல கமரா, அதில் சந்தேகம் இல்லை. 2022இல் வந்தது, 32.5 மெகாபிக்சல், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், செக்கனுக்கு 15 படம் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே ஓடும், உங்கள் சிக்மாவை ஒரு அடப்டர் போட்டு மாட்டலாம். 80டி 2016இன் கமரா, 24 மெகாபிக்சல், 45 போகஸ் புள்ளி, செக்கனுக்கு 7 படம். பேப்பரில் பார்த்தால் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் உங்கள் பூநாரைப் படங்களின் உள்தகவலைப் பார்த்தேன். இரண்டும் காலை பத்து நாற்பதுக்குப் பிறகு எடுத்தவை, ஷட்டர் வேகம் ஒன்றில் 1/400 செக்கன், மற்றதில் 1/500. அந்த நேரத்தில் களப்பில் வெயில் ஏறி, தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே கானல் ஆடத் தொடங்கியிருக்கும். முந்நூறு மீற்றர் தூரத்தில் நிற்கிற பறவையை அந்தக் கானலுக்குள்ளால் எடுத்தால் உலகத்தில் எந்தக் கமராவும் கூராக எடுக்காது. ஆர்7 அதே மங்கலை எட்டு மெகாபிக்சல் கூடுதலாக எடுத்துத் தரும்.

80டியில் 600ஐ வைத்தால் 960 மில்லிமீற்றரின் காட்சி, ஏனென்றால் அதன் சென்சர் சின்னது, 1.6 மடங்கு. அவ்வளவு நீளத்தில் கை அதிர்வும் அவ்வளவு பெரிதாகத் தெரியும். பறக்கிற பறவைக்கு 1/2000இல் தொடங்குங்கள், நிற்கிறதற்கும் 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள், ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏறினால் ஏறட்டும். துளையை எஃப் 8 வைத்தால் அந்த லென்ஸ் 600இல் இன்னும் கொஞ்சம் கூராக எடுக்கும். எல்லாப் புள்ளியையும் திறந்துவிடாமல் நடுப் புள்ளியையோ நடுத் தொகுதியையோ மட்டும் எடுத்து, அசைகிற பறவையைத் தொடர்ந்து போகஸ் பிடிக்கிற ஏஐ சேர்வோவில், பின்பக்கப் பொத்தானால் போகஸ் பண்ணிப் பழகுங்கள். கூடியவரை தரையோடு தாழ இருங்கள். விடிந்து எட்டரைக்குள் வேலை முடிந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பறவையைக் கண்ணால் பார்க்கலாம், வீட்டுக்கும் போகலாம். அதோடு உங்கள் லென்ஸ் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போகஸ் விழுத்துகிறதா என்று பாருங்கள், வேலிக் கட்டையில் ஒட்டின பத்திரிகைத் தாள் ஒன்றைச் சரித்து எடுத்தாலே தெரியும். 80டியில் அதைத் திருத்துகிற வசதி மெனுவுக்குள் இருக்கிறது, சிக்மாவுக்கென்று தனியாக, லென்ஸைக் கணினியோடு இணைத்துத் திருத்துகிற ஒரு யூஎஸ்பி டொக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் செய்து, இந்த மாரிக்கு வருகிற பறவைகள் பங்குனியில் திரும்பிப் போகும்வரை ஒரு வேலை பாருங்கள். தவறின ஒவ்வொரு நல்ல சந்தர்ப்பத்தையும் கொப்பியில் எழுதுங்கள், ஏன் தவறியது என்பதோடு. பிந்திப் போனது, கை ஆடியது, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றது, பற்றறி இறங்கியது, கமரா போகஸ் பிடிக்கவில்லை. உண்மையாக எழுதினால் அந்தக் கடைசிக் காரணம் எத்தனை தரம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். நிறைய வந்தால் ஆர்7 உங்களுக்குத் தேவைதான், நானே சொல்வேன். சுண்டிக்குளம் 1938இலிருந்து சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள், அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும், அவசரம் ஒன்றும் இல்லை. இரவில் கமரா ரிவியூ வீடியோ பார்ப்பதைப் பங்குனிவரைக்கும் நிறுத்திவையுங்கள். அந்த வீடியோக்காரர் பலருக்குக் கமரா இரவலாக வருகிறது, கீழே இருக்கும் இணைப்பை நீங்கள் தட்டி வாங்கினால் அவருக்குக் காசு வருகிறது. உங்கள் 80டி நல்லாய்த்தான் இருக்கிறது என்று சொன்னால் அவர் எதைத் தின்பது?

மச்சான் கொண்டுவரும் கதைக்கு வருவோம். அவர் யாருடைய அண்ணா? லென்ஸை மறைத்ததற்கு இன்னும் சூடு ஆறவில்லை, அதற்குள் மனைவியின் சொந்த அண்ணனிடமே அவவுக்குத் தெரியாமல் கடன் வைக்கப் பார்க்கிறீர்கள். நாளைக்கு அவர் போனில் தங்கச்சியிடம் சும்மா "கமரா எப்பிடிப் போகுது" என்று கேட்டால் என்ன நடக்கும்? வெளிநாட்டு உறவின் காசை நாங்கள் கடன் என்றே எண்ணுவதில்லை, வட்டி இல்லை, சிட்டை இல்லை, வங்கிக்காரன் வீட்டுக்கு வர மாட்டான். ஆனால் அங்கே அந்த மனிசன் இரண்டு வேலை செய்து குளிருக்குள் உழைக்கிற காசு அது, ஒருநாள் மாமிக்கு ஒப்பரேஷன் என்றால் கேட்கப் போவதும் அதே கையிடம்தான். உங்கள் ஆர்7 அந்த வரிசையில் முன்னுக்குப் போய் நிற்கலாமா? உத்தரவாதம் வேறு, பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், இங்கே பழுதானால் கைக்காசு.

கலியாண வீடு எடுத்துக் கடன் அடைப்பது... தம்பி, இது என் சோறு, ஆகையால் போட்டிக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்கலாம், நினைத்தாலும் பரவாயில்லை. உங்களிடம் இருப்பது பறவை லென்ஸ். மணவறையில் பொம்பிளைக்கு முன்னால் ஆறடியில் நின்றுகொண்டு 150-600ஆல் என்ன எடுப்பீர்கள், மூக்குத்தியையா? அதற்குக் கிட்ட நின்று எடுக்கிற 24-70 எஃப் 2.8 லென்ஸ் வேண்டும், இரண்டு பிளாஷ் வேண்டும், ஒன்று நின்றால் மற்றதை எடுக்க இரண்டாவது கமரா வேண்டும். 80டியில் கார்ட் போடுகிற இடம் ஒன்றுதான், தாலி கட்டு ஒரே கார்ட்டில் இருந்து அந்தக் கார்ட் செத்துப்போனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஆர்7இல் இரண்டு கார்ட் போடலாம், அது சரி, ஆனால் மிச்சத்தை எந்தக் கடனில் வாங்குவது? இதற்கு மேலே ஆள் வேண்டும், வாகனம் வேண்டும், அல்பம் அடிக்கக் காசு முன்னுக்குக் கட்ட வேண்டும், மிச்சக் காசை மாப்பிள்ளை வீட்டுக்காரர் தருகிறபோதுதான் வரும். சாமத்தியச் சடங்கு என்றால் விடியற்காலையிலிருந்து இரவுவரை, அதன் பிறகு ஆயிரக்கணக்கான படத்தை இருந்து தெரிவு செய்ய வேண்டும். வைகாசியும் ஆவணியும் தையும் முகூர்த்தம் என்று சனி ஞாயிறு எல்லாம் போகும், மார்கழியில் ஒன்றும் இருக்காது, கடன் மட்டும் மார்கழியிலும் வெட்டும். முழுநேரமாக இதைச் செய்கிற எங்களுக்கே, ஒரு புதுக் கமரா வாங்கினால் அது எத்தனை விசேஷத்தில் காசைத் திருப்பித் தரும் என்று எழுதிப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறோம்.

விருப்பம் இருந்தால் இந்தத் தொழிலுக்குள் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது ஒருவருக்கு இரண்டாம் ஆளாக, அவருடைய சாமானில் எடுத்துப் பாருங்கள். ஆனால் வாங்கின சாமானுக்கு நியாயம் கண்டுபிடிக்கத் தொழில் தொடங்காதீர்கள். நான் பார்த்தவரை அப்படித் தொடங்கினவர்களுக்கு வருமானத்தைவிடச் சாமான்தான் வேகமாகக் கூடியது, சனி ஞாயிறும் போனது, கடைசியில் பறவைப் பக்கமும் போகவில்லை.

உங்கள் கடிதத்தில் சனி ஞாயிறு பற்றி ஒன்றும் இல்லை, அதைக் கேட்கத்தான் வேண்டும். நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் எத்தனை மணிக்கு வீடு? வந்து குளித்துச் சாப்பிட்டு, லப்டொப்பைத் திறந்தால் மூடுவது எப்போது? கிழமை முழுக்க இருவரும் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறீர்கள், அவவுக்கு உடுப்புத் தோய்ப்பும் மாமியும் மகளும், உங்களுக்குக் களப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிறு உங்களுடையது, எட்டரைக்குப் படம் முடிந்து பத்துக்குள் வீடு, மற்ற இரண்டும் பறவை இல்லை என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டில் ஒன்றில் அவவுக்கென்று ஒரு அரை நாள், எங்கே போனாய் என்று கேட்காத அரை நாள், பிள்ளையும் அடுப்பும் உங்கள் பொறுப்பு. சோறு குழைந்தால் குழையட்டும்.

காசுக்கும் அதே மாதிரித்தான். வீட்டுச் செலவும் சீட்டும் கடனும் போக மிஞ்சுவதில் இருவருக்கும் ஒரே அளவு கைக்காசு, இரண்டாயிரமோ மூவாயிரமோ, அதைக் கேள்வி கேட்பதில்லை. உங்களுடையதை நீங்கள் கமரா உண்டியலில் போடுங்கள். சம்பளம் உங்களுக்குக் கூட என்பதற்காக உங்கள் பங்கு கூடாது, அதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு மேல் ஒரு எல்லை, பத்தாயிரம் என்று வையுங்கள், அதைத் தாண்டுகிற எதையும் யார் வாங்குவதானாலும் வாங்குவதற்கு முன்னால் கதைக்க வேண்டும். வாங்கிவிட்டுக் கதைப்பது கதைப்பது இல்லை. எங்கள் வீட்டில் கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனிக் கொப்பி, இரண்டும் என் மனிசனும் நானும் பார்க்கிற இடத்தில்தான் கிடக்கும், அதனால் எங்களுக்குச் சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை, சண்டை விலையைப் பற்றித்தான் வரும், பொய்யைப் பற்றி வராது. இந்தக் கடன் முடிகிறவரை ஆர்7 பற்றிய பேச்சே எடுக்காமல் இருப்பது உங்களுக்கு மரியாதை. முடிந்த அடுத்த மாதத்திலிருந்து அந்த 13,500 எங்கே போக வேண்டும் என்றும் இப்போதே பேசலாம். முதல் சில மாதம் அடுப்படிக்குப் போவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கேட்கிறேன். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பறவை எத்தனை ஆயிரம் இருக்கும், மனைவியின் படம் எத்தனை? என் கடைக்கு இன்றைக்கும் ஆட்கள் பழைய அடையாள அட்டையைக் கொண்டு வருகிறார்கள், "இதிலை இருக்கிற அப்பாவைப் பெரிசாக்கித் தாங்கோ" என்று. 2008, 2009இல் போருக்குள் இடத்துக்கு இடம் ஓடினபோது அல்பங்கள் எல்லாம் பங்கருக்குள்ளும் தெருவிலும் போய்விட்டன, கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. தபால் தலை அளவு முகத்தை, அதுவும் மேலே முத்திரை குத்தின முகத்தை, சுவரில் மாட்டுகிற அளவுக்குக் கொண்டுவருவது சும்மா வேலை இல்லை, புருவத்தைக் கீறிக் காட்டினால் "அப்பாவின்ரை புருவம் இப்பிடி இல்லை" என்பார்கள், எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் மாமி குடும்பமும் அந்தப் பாதையால் வந்ததுதானே. ஆகையால் படம் என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு நீங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை, உங்களைவிட நன்றாக அவர்களுக்குத் தெரியும். மாமி முற்றத்தில் இருந்து அரிசி புடைப்பதை, மகள் பல் விழுந்து சிரிப்பதை, உங்கள் மனைவி முன்பள்ளிப் பிள்ளைகளோடு நிற்பதை எடுங்கள். அதற்கு விலை கூடின சாமான் வேண்டாம், 80டியோடு 50 எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும், யன்னல் வெளிச்சம் இருந்தால் பிளாஷும் வேண்டாம். எடுத்ததை போனுக்குள் விடாமல் தாளில் அடியுங்கள். சமாதானம் பேச இதைக் கொண்டுபோகாதீர்கள் ஆனால், கொப்பி முதலில், படம் பிறகு. லஞ்சம் கொடுக்கிற மாதிரி இருந்தால் அவவுக்கு உடனே தெரிந்துவிடும்.

தங்கச்சி இதை வாசித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. கோபம் நியாயம். ஆனால் இந்த மனிசன் விடியப்புறம் எழும்பித் தண்ணீருக்குள் நிற்பதைக் கெட்ட பழக்கத்தோடு சேர்த்துவிடாதீர்கள், அந்த நாரைப் படத்தை ஒருக்கால் பெரிதாக்கிப் பாருங்கள். கணக்கைக் கேளுங்கள், சிட்டையை மாதாமாதம் மேசையில் வைக்கச் சொல்லுங்கள், கமராவைத் தொடாதே என்று மட்டும் சொல்ல வேண்டாம். தொடாதே என்றால் மறைப்பதுதான் கூடும்.

தம்பி, அந்தச் சிக்மா டொக் என் கடையில் ஒன்று கிடக்கிறது. கிளிநொச்சிப் பக்கம் வரும்போது லென்ஸைக் கொண்டுவாருங்கள், போகஸ் சரியாக விழுகிறதா என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம். லென்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், 80டியும் வேண்டும், பற்றறி முழுக்க ஏற்றியிருக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் வராதீர்கள், அடுத்த நாள் முகூர்த்தத்துக்கு நாங்கள் சாமான் கட்டுகிற நேரம்.